வடிகட்டிய சாயம் எங்கே போகிறது?

நடுவர் ஐயா அவர்களுக்கும் மஞ்சக்குப்பத்தில் கூடியிருக்கும் கடலூர் மக்களுக்கும் வணக்கம். 'சாயக் கழிவுநீரைச் சுத்தமாக்க வல்லது வடிகட்டியா, ஒளிவினையூக்கியா?' என்பது தலைப்பு. ஒளி பட்டதும் வேதிவினையைத் தூண்டிவிடும் பொருள்தான் ஒளிவினையூக்கி. அந்த ஒளிவினையூக்கியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தங்கை நன்றாகவே பேசினார். ஆர்ஓ சவ்வு இருக்கிறது, கரி இருக்கிறது, அப்புறம் எதற்குப் புதிதாக ஒன்று என்று கேட்டார். சரி தங்கை, வடிகட்டிய சாயம் எங்கே போனது? சவ்வைத் தாண்டாத சாயம் மிச்ச நீரில் முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது. கரியில் ஒட்டியது கரியோடு குப்பைக்குப் போகிறது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் உப்பனாற்றின் கரையில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம் வீட்டைக் கூட்டி அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவது சுத்தம் ஆகாது ஐயா.

ஒளிவினையூக்கி சாயத்தையே உடைக்கிறது. சுவர் பெயிண்டுக்கு வெண்மை தருகிறதே, டைட்டானியம் டை ஆக்சைடு, அது ஒரு குறைக்கடத்தி, அதாவது மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருள். புற ஊதாக் கதிர் பட்டதும் அதற்குள் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அது இருந்த இடத்தில் 'துளை' உண்டாகும். அந்தத் துளை தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் என்ற பொல்லாத துணுக்கை உருவாக்கும். அது சாய மூலக்கூறைக் கடித்துக் குதறி, கடைசியில் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக ஆக்கிவிடும்.

சாயம் உடையவில்லை, வெறுமனே தூளில் ஒட்டியிருக்கும் என்பார்கள். கல்லூரி ஆய்வகத்தில் இதைச் சோதிக்கும் விதமே அழகு. மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலில் அந்த டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளைத் தூளைப் போட்டு, முதல் அரை மணி நேரம் இருட்டிலேயே கலக்குவார்கள். ஒட்ட வேண்டியது அப்போதே ஒட்டிவிடும். பிறகுதான் விளக்கு. தூள் இல்லாத இன்னொரு பீக்கரும் அதே வெளிச்சத்தில் பக்கத்தில் இருக்கும். அதைவிட வேகமாக இதில் நீலம் வெளுக்கும்போது, தூள் செய்த வேலை தெரிந்துவிடும்.

வெயிலில் புற ஊதா 5 சதவீதம் அளவுக்குத்தானே என்றார்கள். உண்மை. அதனால்தான் யூரியாவைச் சூடாக்கிச் செய்கிற கார்பன் நைட்ரைடு போன்ற ஒளிவினையூக்கிகள் வந்தன. அவை கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியிலேயே வேலை செய்கின்றன. உப்பை நீக்க எங்களால் ஆகாது. போர் தண்ணீர் உவர்த்தால் ஆர்ஓ வேண்டும்தான். ஆனால் இன்றைய வழக்கு சாயத்தைப் பற்றியது.

இன்னொன்றும் இருக்கிறது. 1972இல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளந்து காட்டினார்கள். 2021இல் அதே நாட்டில், வேறொரு ஒளிவினையூக்கியைப் பூசிய 100 சதுர மீட்டர் தகடுகள் திறந்தவெளியில் மாதக்கணக்கில் ஹைட்ரஜன் தந்ததாக அறிவித்தார்கள். வெயிலின் ஆற்றலில் அதிகபட்சம் 0.76 சதவீதம்தான் ஹைட்ரஜனாக மாறியது. குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வெயிலும் தண்ணீரும் கொண்டு எரிபொருள் எடுக்கிற வேலையை எந்த வடிகட்டியும் தொடங்கவே இல்லையே ஐயா! நன்றி, வணக்கம்.