சந்தேகங்களுக்கு விளக்கம்: ஆசு ரெண்டையும் விட்டது பிழையா?

வணக்கம் பிள்ளைகள். இண்டைக்கு நாலு கேள்வி எடுத்து வச்சிருந்தன். மூண்டு அடுத்த கிழமைக்குப் போகுது, குறை நினைக்க வேணாம். இந்த ஒண்டு என்னை ரெண்டு நாளா விடல்ல. வந்தாறுமூலையில விடுதியில இருந்து படிக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கார், சொந்த ஊர் அக்கரைப்பற்று. வாசிக்கிறன்.

"ரீச்சர், நாங்க எட்டுப் பேர். பாசிக்குடாவுக்குப் போற வேன்ல மூண்டு இடந்தான் மிச்சம். ஆர் போறது எண்டு போக்கர் ஆடி முடிவெடுத்தம். ஆளுக்கு 25 நெருப்புக்குச்சி. கடைசியா நாலு பேர் நிண்டம். பிளைண்ட் (சீட்டைப் பாக்க முதலே ரெண்டு பேர் கட்டாயம் போட வேண்டிய குச்சி) 2, 4. முதல் ஆளிட்ட 4 குச்சிதான், அவர் சீட்டை விட்டுட்டார். அடுத்தவரிட்ட 90, முழுத்தையும் தள்ளி ஓல் இன் எண்டார். மூண்டாமவரிட்ட 36, அவரும் விட்டுட்டார். என்னட்ட பிளைண்டுக்குப் போட்ட 4ஓட சேத்து 70. கையில ஆசு ரெண்டு. கன நேரம் யோசிச்சு விட்டுட்டன். தள்ளினவர் சீட்டைக் காட்டினார், கிங்கும் ஒம்பதும். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன் உங்கட போன வீடியோவைப் போட்டு, ரீச்சரிட கணக்குப்படி 47 வீதம் போதும், உன்னட்ட 85 இருந்தது எண்டான். மறுகா ஒள்ளுப்ப நேரத்தில ஆசு ஜாக்கோட நான் வெளியில. ஆசு ரெண்டையும் விட்டது பிழையா ரீச்சர்?"

தம்பி, பிழை இல்ல. சரி. நூத்துக்கு நூறு சரி. முதல்ல அதைச் சொல்லிட்டுத்தான் மற்றக் கதை.

எண்ட வீடியோவை வச்சே பகிடி பண்ணியிருக்காங்க, அதனால அந்தக் கணக்கில இருந்தே வாறன். போன முறை என்ன சொன்னன்? மேசையில கிடக்கிறது எவ்வளவு, நான் போட வேண்டியது எவ்வளவு எண்டு பாருங்க. இதில அவர் தள்ளினதில உங்களோட பொருதக்கூடியது 70 தான், அதோட ரெண்டு பிளைண்ட் 2ம் 4ம், மொத்தம் 76. நீங்க போட வேண்டியது 66. போட்டா மேசையில 142. 142ல 66 எண்டா 47 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெல்லுற வாய்ப்பு அதை விடக் கூட எண்டா போடலாம். அந்தப் பிள்ளை பிழையாச் சொல்லல்ல. ஆசு ரெண்டுக்கு, மற்றவர் எந்தச் சீட்டோட வந்தாலும் சராசரியா நூத்துக்கு 85 தரம் வெற்றி. அதுவும் சரி. ஆனா அந்தக் கணக்கு குச்சியைக் கூட்டுறதுக்கான கணக்கு. குச்சிக்குக் குச்சி ஒரே பெறுமதி எண்டா அது போதும்.

நீங்க ஆடினது குச்சிக்கா, வேனுக்கா?

வேன்ல இடம் மூண்டு. 142 குச்சியோட போனாலும் ஒரு இடம், 5 குச்சியோட போனாலும் ஒரு இடம். 142 வச்சிருக்கிறவருக்கு ரெண்டு இடம் குடுக்க மாட்டாங்க. அப்ப உங்கட கையில கிடக்கிற 66 குச்சியும், வெண்டா வரப்போற 76 குச்சியும் ஒரே விலை இல்ல. இருக்கிறதுதான் பெறுமதி கூட. இதை நான் எத்தினை தரம் சொல்லியிருக்கன், பழைய ஆக்களுக்குத் தெரியும், இன்னும் சொல்லுவன். இருக்கிற குச்சி வேற, வாற குச்சி வேற.

எண்ணிப் பாப்பம். நீங்க விட்டா மேசையில 96, 66, 34, 4. இந்த நாலு பேரில ஒருத்தர்தான் வெளியில போகப் போறார். இதுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கு. 1973ல டேவிட் ஹார்வில் எண்டவர் குதிரைப் பந்தயத்தில முதலாவது, ரெண்டாவது, மூண்டாவது ஆர் வரும் எண்டு கணிக்கிறதுக்கு எழுதினது. 1987ல மேசன் மால்முத் அதே யோசனையைப் போக்கர் போட்டிக்குக் கொண்டு வந்தார். முதலாவதா வாற வாய்ப்பு கையில உள்ள குச்சியிட பங்கு. அவரை நீக்கிட்டு மிச்சப் பேருக்கு அதே மாதிரித் திரும்ப. அவ்வளவுதான், ஓ எல் கணிதம் தெரிஞ்ச பிள்ளை கொப்பியில போடலாம். நான் முந்தாநாள் ராவு போட்டன். நீங்க நாலாவதா வாற ஆறு வழியையும் கூட்டினா 3 வீதம் கூட வரல்ல. அப்ப விட்டா 97 தரம் வேன்ல. அதுவும் அடுத்த கையில அந்த நாலு குச்சிப் பிள்ளைதான் பெரிய பிளைண்ட் போட வேணும், முழுத்தையும் போட வேணும். அதை இந்த வாய்ப்பாடு பாக்காது. மெய்யா உங்கட நிலை 97ஐ விட நல்லம்.

கோல் பண்ணினா, அதாவது அவர் தள்ளினதுக்குச் சரியா நீங்களும் போட்டா? வெண்டா இடம் கிட்டத்தட்ட உறுதி. தோத்தா அந்த இடத்திலயே நீங்க நாலாவது, ஏனெண்டா அவரிட்ட 90, உங்களிட்ட 70. அப்ப உங்கட வாய்ப்பு 85ல நிக்குது. அவர் ரெண்டு கிங் வச்சிருந்தா 82. ஆசு கிங் வச்சிருந்தா 90ஐத் தாண்டும், அப்பவும் 97க்குக் கீழதான். எந்தப் பக்கத்தால பாத்தாலும் விடுறதுதான் கூட.

ஆசு ரெண்டு 221 கைக்கு ஒருக்கா வாற சீட்டு. மணிக்கணக்கா இருந்து ஆடி, அது வாற நேரம் கை நடுங்கும். அதைக் கீழ வச்சவரைப் பாத்து சிரிக்கிறதா?

இன்னொண்டு பாருங்க. தம்பி கோல் பண்ணியிருந்தா ஆருக்கு லாபம்? தள்ளினவருக்கும் இல்ல, தம்பிக்கும் இல்ல. ஒரு சீட்டும் இல்லாம, கையைக் கட்டிக்கொண்டு மூலையில இருந்த அந்த நாலு குச்சிப் பிள்ளைக்கு! 90ம் 70ம் மோதுற நேரம் 15 வீதத்துக்கு ஒண்டும் செய்யாம அவருக்கு வேன்ல இடம் கிடைச்சிருக்கும். பெரிய ரெண்டு பேர் மோதினா சும்மா இருக்கிறவருக்குத்தான் பங்கு போய்ச் சேருது. போட்டியிட கடைசி இடத்தில இதுதான் நடக்கிறது, பரிசு கிடைக்கிற கோட்டுக்கு ஒரு ஆள் மேல நிக்கிற நேரம்.

இதை எனக்கு முதல்ல படிப்பிச்சது எந்தப் புத்தகமும் இல்ல, எங்கட மாமா. அவருக்கு நவகிரிப் பக்கம் வட்டையில கொஞ்சம் வயல். கதிர் முத்துற காலம் குருவி, கிளி துரத்த ஆக்கள் வாடியில கிடப்பாங்க. மத்தியானச் சோத்துப் பார்சலைக் கொண்டு போறது நான்தான். சாப்பிட்ட கையோட 304 எண்ட சீட்டாட்டம் தொடங்கும். நான் பக்கத்தில குந்திக்கொண்டு எண்ணுவன். ஜாக் 30, ஒம்பது 20, ஆசு 11, பத்து 10, கிங் 3, குயின் 2. மற்றப் பிள்ளைகள் பதினொராம் வாய்ப்பாடு பாடமாக்கின நேரம் நான் இதைப் பாடமாக்கினன். அந்த ஆட்டத்தில எட்டுச் சீட்டில முதல் நாலைப் பாத்த உடனேயே, இத்தினை புள்ளி எடுப்பன் எண்டு கேக்க வேணும். மிச்ச நாலு இன்னும் வரல்ல. அரைவாசிதான் தெரியும், சொன்ன சொல் திரும்பாது. எங்கட வாடியில கணக்கு இப்பிடி: கேட்டு வெண்டா ஒரு புளியங்கொட்டை வாங்கலாம், தோத்தா ரெண்டு குடுக்க வேணும். மாமா ஜாக்கும் ஒம்பதும் வச்சுக்கொண்டு சில நேரம் பேசாம இருப்பார். மற்றவங்க கிண்டல் பண்ணுவாங்க. "எனக்கு ரெண்டு தான் மிச்சம், அவங்க கேட்டுத் தோக்கட்டும்" எண்டுவார். புளியங்கொட்டையை விரலால ஒண்டு ரெண்டு எண்டு தடவிக்கொண்டு இருப்பார், தடவித் தடவி அது மினுங்கும். வாறது ஒண்டு, போறது ரெண்டு. அதே கதைதான் தம்பி.

இப்ப அதே கை, அதே குச்சி, ஆனா வேன்ல ஒரே ஒரு இடம் எண்டு வைங்க. விட்டா 200ல 66, 33 வீதம். கோல் பண்ணினா 85 வீதம் வெண்டு 142 குச்சி, கணக்குப் போட்டா 60. உடனே கோல் பண்ணுங்க, யோசிக்கவே வேணாம். ரெண்டு இடம் எண்டா? விட்டா 71, கோல் பண்ணினா 81 கிட்ட. அப்பவும் கோல்தான். மூண்டு இடம் எண்டு வாற நேரம் மட்டும் தராசு மற்றப் பக்கம் சரியுது. சீட்டைப் பாத்து முடிவெடுக்கிறதெண்டா இந்த மூண்டுக்கும் ஒரே பதில்தானே வந்திருக்க வேணும்? சீட்டு மாறல்ல, பரிசு மாறினது.

பெரிய போட்டிக்குள்ள போற சின்னப் போட்டியும் இந்த வேன் மாதிரித்தான். 2003ல போக்கர் உலகப் போட்டியை வெண்ட கிறிஸ் மணிமேக்கர் 10,000 டொலர் நுழைவுக் காசைக் கையில இருந்து கட்டல்ல, இணையத்தில சின்னப் போட்டி ஆடி இடம் பிடிச்சுத்தான் போனவர். 839 பேரில கடைசி ஆளா நிண்டு 25 லட்சம் டொலர் எடுத்தார். அந்தச் சின்னப் போட்டிகளில எல்லாருக்கும் கிடைக்கிறது ஒரே நுழைவுச்சீட்டு. ஆசு ரெண்டையும் விடுறது அங்க புதினமான காரியம் இல்ல. காசு வச்சு ஆடச் சொல்லி இதைச் சொல்லல்ல, இந்தச் சனலில குச்சியும் புளியங்கொட்டையும்தான் எண்டது உங்களுக்குத் தெரியும். அதால எத்தினை வீடு அழிஞ்சதைக் கண்டிருக்கன்.

சரி. இப்ப தம்பி கேக்காத கேள்விக்கு வாறன். அவர் கடைசியில ஒரு வரி எழுதியிருக்கார் பாருங்க, ஆசு ஜாக்கோட வெளியில எண்டு. நான் உடனே திருப்பி எழுதிக் கேட்டன், அது எப்பிடி எண்டு. பதில் வந்தது. நாலு குச்சிப் பிள்ளை ரெண்டு தரம் இரட்டிப்பாக்கி 16க்கு வந்திட்டாராம். இவரிட்ட 60. அதே 90 குச்சி ஆள், அப்ப 92, திரும்பவும் ஓல் இன். இவர் ஆசு ஜாக்கோட கோல் பண்ணியிருக்கார். அவர் காட்டினது ஆசு குயின். முடிஞ்சுது. நாலு குச்சிப் பிள்ளை வேன்ல போனார், தம்பி விடுதியில நிண்டார்.

தம்பி, பிழை இங்கதான். இதைத்தான் நீங்க என்னட்டக் கேட்டிருக்க வேணும்.

அந்த நேரம் விட்டிருந்தா உங்கட வாய்ப்பு என்ன? 92, 60, 32, 16 எண்டு அதே வாய்ப்பாட்டைப் போட்டன். 90 வீதம் வருது. ஆசு ஜாக்குக்கு, மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு எதோட தள்ளினாலும் 65 கிட்டத்தான். ஆசு குயினுக்கு முன்னால நாலுக்கு ஒண்டு. 85 வீதம் இருந்த நேரம் சரியா விட்டீங்க, 65 இருந்த நேரம் ஏன் போட்டீங்க? அதையும் கேட்டன். அவர் எழுதினதை அப்பிடியே வாசிக்கிறன்: "எல்லாரும் பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லிக்கொண்டே இருந்தாங்க ரீச்சர்."

இதைத்தான் ரெண்டு நாளா நினைச்சுக்கொண்டு இருக்கன். முதல் கையில சீட்டோட ஆடினார். ரெண்டாவது கையில சிரிப்புக்குப் பதில் சொன்னார். சரியாச் செய்த காரியத்துக்கு பகிடி வாங்கின மனுசன் அடுத்த காரியத்தை பிழையாச் செய்யிறான். பரீட்சை மண்டபத்திலயும் கண்டிருக்கன், சரியான விடையை எழுதிட்டு பக்கத்துப் பிள்ளையிட முகத்தைப் பாத்து வெட்டுற பிள்ளைகள்.

தள்ளினவரைப் பற்றியும் சொல்ல வேணும். கிங் ஒம்பதோட தள்ளினது சீட்டு நல்லது எண்டு இல்ல. 70 வச்சிருக்கிறவரால கோல் பண்ண ஏலாது எண்டு அவருக்கு விளங்கியிருக்கு. தள்ளுறவருக்கு ரெண்டு வாசல்: மற்றவங்க விட்டா அப்பிடியே வெற்றி, கோல் பண்ணினாலும் சீட்டு உதவலாம். கோல் பண்ணுறவருக்கு ஒரே வாசல், சீட்டு மட்டும். அதனாலதான் ஒரே ஆசு ஜாக்கை வச்சு நீங்க முதல்ல தள்ளலாம், ஆனா பெரிய ஆள் தள்ளின பிறகு கோல் பண்ண ஏலாது. அந்த வாசல் திறக்கிறதுக்கு மற்றவருக்கு வலிக்கிற அளவு குச்சி உங்களிட்ட இருக்க வேணும். பத்து பிளைண்ட் அளவு இருக்கிற நேரம் தள்ளினா ஆக்கள் யோசிப்பாங்க. ஒரு பிளைண்டுக்கு வந்த பிறகு தள்ளினா ஆர் விடுவாங்க? அந்த நாலு குச்சிப் பிள்ளைக்கு மற்றவங்க மோதட்டும் எண்டு காத்திருக்கிறதைத் தவிர வேற வழி இருக்கல்ல, அவர் அதைச் சரியாச் செய்தார்.

ஆனா அவர் எப்பிடி நாலுக்கு வந்தார்? ஆரம்பத்தில 25 இருந்ததுதானே. 40ல நிண்ட நேரம் என்ன சீட்டு விட்டார், 20ல நிண்ட நேரம் என்ன விட்டார்? தம்பி, அவர் உங்கட விடுதியிலதான் இருப்பார். கேட்டு எழுதி அனுப்புங்க, அடுத்த கிழமை அவரிட கையில இருந்து தொடங்குவம்.