சுமைதாங்கிக் கல்லிடம் யாரும் கேட்காத கேள்வி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சீரியல் நேரத்தையும் விட்டுக்கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘மனச்சுமையை இறக்கி வைக்கச் செல்போன் செயலி உதவுமா, உதவாதா?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். உதவும் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் திண்ணையைப் பற்றி உருகினார். அன்றைக்குத் திண்ணை இருந்தது, பாட்டி மடி இருந்தது, இன்றைக்குக் கையில் ஒரு கண்ணாடித் துண்டுதான் இருக்கிறது என்றார். கேட்டு நானே கண் கலங்கிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். ஐயா, அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசியது யார்? உங்கள் தாத்தா. பாட்டி எங்கே இருந்தார்? அடுப்படியில். பாட்டி மடியில் நாம் எல்லாரும் தலை வைத்தோம். பாட்டி யார் மடியில் தலை வைத்தார்?

சரி, டாக்டரிடம் போகலாமே என்கிறீர்கள். மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். ‘உனக்கென்ன பைத்தியமா?’ என்பார்கள். அடுத்து, ‘வெளியே சொல்லித் தொலைக்காதே, தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2015-16-இல் 12 மாநிலங்களில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? மனநலக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரைக்கும் சிகிச்சையே கிடைப்பதில்லை. கோளாறைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட முழுசாக இல்லாத நாடு இது. நிலைமை இப்படி இருக்க, கையில் இருக்கிற போனையும் கீழே போடு என்றால் என்ன நியாயம்?

நான் என் கதையைச் சொல்கிறேன். அப்பா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. பகலில் வகுப்பு எடுப்பேன், பேப்பர் திருத்துவேன், குழம்பு வைப்பேன். ராத்திரி இரண்டு மணியானால் மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல இருக்கும். பக்கத்தில் கணவர் நிம்மதியாகக் குறட்டை விடுவார். அவரைக் குறை சொல்லவில்லை, அது அவர் வாங்கி வந்த வரம். போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒரு செயலியை இறக்கினேன். திரையில் ஒரு நீல வட்டம். அது விரியும்போது மூச்சை இழு, சுருங்கும்போது விடு. நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. எதிரணியில் சிரிக்கிறார்கள், ‘இது நம்ம பிராணாயாமம்தானே’ என்று. ஆமாம், அதேதான்! ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யோகா மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தால் நீங்களே ஊரைக் கூட்டிவிட மாட்டீர்களா?

அதே செயலியில் ஒன்பது கேள்விகள் இருந்தன. டாக்டர்கள் பி.எச்.க்யூ-9 என்று சொல்லும் கேள்வித்தாள். போன இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது மனம் பற்றியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அந்த ஏழு மாதத்தில் ‘சாப்பிட்டாயா?’ என்று என்னைக் கேட்டவர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள். இதை ஒருத்தர் கேட்கவில்லை. ‘ஒரு நாளும் இல்லை’ என்பதைத் தொடப் போன விரல் நின்றுவிட்டது. ‘சில நாட்கள்’ என்பதைத் தொட்டேன். அந்த வீட்டில் நான் உண்மை பேசியது அன்றைக்குத்தான்.

இயந்திரத்திடம் என்ன உண்மை என்று கேட்டார் எதிரணித் தங்கை. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் ‘எலைசா’ என்றொரு கணினி நிரலை வெளியிட்டார். நாம் தட்டுவதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அவருடைய செயலாளர் அம்மா அதோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ‘நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்’ என்று பேராசிரியரையே அறையை விட்டுப் போகச் சொன்னாராம். அது வெறும் நிரல் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். வைசன்பாம் இதைப் பார்த்து மிரண்டார். நான் அந்த அம்மா கட்சி. ஆள் இல்லாத இடத்தில்தான் சில பேச்சு வெளியே வரும்.

ரகசியம் என்ன ஆகும் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி, மழுப்பப் போவதில்லை. இணையத்தில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் என்ற நிறுவனம் பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்து, 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. தப்புத்தான். எதற்கு அனுமதி கேட்கிறது என்று பார்க்காமல் எதையும் போனில் ஏற்றாதீர்கள். ஆனால் என் நாத்தனார் வாயால் போன ரகசியத்துக்கு எந்த ஆணையத்தில் போய் நான் மனு கொடுப்பது?

இன்னொன்றும் சொன்னார்கள். நூறு பேர் செயலியை ஏற்றினால் ஒரு மாதம் கழித்துத் திறப்பவர்கள் மூன்று, நான்கு பேர்தான் என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்ததாம். வந்தது, உண்மை. பயன் இல்லை என்று விட்டவர்களும் அதில் இருப்பார்கள். ஆனால் விட்டவர்கள் எல்லாருமே ஏமாந்தவர்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தைலப் புட்டியைத் தலைவலி இல்லாத நாளில் யார் திறக்கிறார்கள்?

பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒரு கல், ஆள் உயரத்துக்கு. பிள்ளைப்பேற்றில் செத்துப்போன பெண்ணின் நினைவாக நட்டவையும் அவற்றில் உண்டு. தலைச்சுமையோடு தனியாகப் போகிறவர், கைகொடுக்க ஆள் தேடாமல், இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் கல்லைப் பார்த்து, ‘நீ சந்தை வரைக்கும் என் மூட்டையைச் சுமப்பாயா?’ என்று எவராவது கேட்டதுண்டா? செயலியிடம் மட்டும் ஏன் ஐயா அதைக் கேட்கிறீர்கள்?

எனக்கு வந்த மதிப்பெண் 27-க்கு 14. மருத்துவரைப் பாருங்கள் என்றது செயலி. போனேன். ‘எத்தனை நாளாக இப்படி?’ என்று கேட்டார் அந்த டாக்டர் அம்மா. வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. போனை நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒன்பது பதிலையும் படித்தார். ஒன்பதாவதைப் படித்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே நிமிஷம். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி அரசாங்கம் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 2024-இல் அதற்கும் செயலி வந்துவிட்டது. அந்த எண்ணை என் போனில் ‘மனசு’ என்று பதிந்து வைத்திருக்கிறேன். அகர வரிசையில் ‘மாமியார்’ என்ற பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. நன்றி, வணக்கம்.