சின்ன அறைக்கு ஐந்து வாட்

நேயர்களுக்கு வணக்கம். வால்வு, அதாவது காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாய், வைத்த ஆம்ப்ளிஃபையரில் பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, 'கையைக் கடிக்காத விலையில் எந்த ஆம்ப்ளிஃபையர் நல்லது?' என்றுதான். நான் உடனே பெயர் எதுவும் சொல்வதில்லை. அறை எவ்வளவு பெரியது, வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர் எது என்று திருப்பிக் கேட்பேன். இன்று உங்களுக்கும் அதையேதான் சொல்லப் போகிறேன்: ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள். இந்த உரையில் இதை நான் பலமுறை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்வு பழைய சங்கதி. 1904-இல் ஜான் ஆம்ப்ரோஸ் பிளெமிங் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முதல் வால்வைச் செய்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பியைச் சேர்த்தார். மெல்லிய மின்சைகையைப் பெரிதாக்கும் வழி அப்படித்தான் பிறந்தது. 1947-இல் டிரான்சிஸ்டர் வந்தபின் வால்வு மெல்ல மெல்ல வீடுகளை விட்டுப் போனது. ஆனாலும் முழுக்கப் போய்விடவில்லை. குரலையும் வயலினையும் அது தரும் விதத்தில் மனதைக் கொடுத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

இனி வாட் கணக்குக்கு வருகிறேன். படம் வரைந்து காட்டவேண்டிய கணக்கு இல்லை, காதால் கேட்டே புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உணர்திறன் என்று ஓர் எண் உண்டு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பதே அது. 87 என்பது நடுத்தரமான எண். சாதாரணமாக இருவர் பேசிக்கொள்ளும் ஒலி 60 டெசிபல் அளவில் இருக்கும். சின்ன அறையில் 75 டெசிபலில் பாட்டுக் கேட்டால் மனம் நிறைந்துவிடும். அந்த 75 டெசிபலுக்கு 87 டெசிபல் ஸ்பீக்கர் கேட்பது எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியானால் ஐந்து வாட் எதற்கு, ஒரு வாட் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இசை ஒரே அளவில் ஓடுவதில்லை. பாடகர் குரலைத் தாழ்த்திக்கொண்டிருக்கும்போது மிருதங்கத்தில் ஒரு பலத்த அடி விழுகிறது. அந்த ஒரு கணத்தில் ஒலி சராசரியைவிட 20 டெசிபல்வரை எகிறலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு வாட். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சென்றுகொண்டிருந்தது, அந்தக் கணத்துக்கு மட்டும் ஆறு வாட்டுக்கு மேல் கேட்கிறது. ஐந்து வாட் ஆம்ப்ளிஃபையர் அதற்குச் சற்றே திணறும். அதே ஆம்ப்ளிஃபையரை 90 டெசிபல் ஸ்பீக்கருடன் இணையுங்கள். 3 டெசிபல் கூடியதால் தேவை பாதியாகிவிடும், திணறல் இருக்காது.

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவரின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறை அவருடையது. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு இஎல்84 வால்வு வைத்த ஐந்து வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கினார். ஸ்பீக்கர் ஏற்கெனவே அவரிடம் இருந்தது, ஒல்லியாக, அழகாக, புத்தக அலமாரியில் அடங்கும் ஜோடி. தனியாகப் பாடும் குரல் அதில் தேனாக வந்தது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஒலி கசங்கிப் போனது. அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆம்ப்ளிஃபையரை விற்றுவிட்டு நாற்பது வாட்டுக்கு ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். அது மூன்று மடங்கு விலை.

ஸ்பீக்கரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 83 டெசிபல் என்று போட்டிருந்தது. ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து, என்னிடமிருந்த பழைய ஜோடியை எடுத்துக்கொண்டு போனேன். அகலமான பெட்டி, எட்டு அங்குலக் காகிதக் கூம்பு, 93 டெசிபல். பார்வைக்கு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. கம்பிகளை மாற்றிப் போட்டோம். ஒலிக்குமிழ் அவர் வழக்கமாக வைக்கும் இடத்திலேயே, முக்கால் சுற்றில், நின்றுகொண்டிருந்தது. அதை இருவருமே பார்க்கவில்லை. பாட்டு தொடங்கிய நொடியில் இருவரும் ஒன்றாக எழுந்து குமிழைத் திருப்ப ஓடினோம். கால் சுற்றுக்கும் கீழே கொண்டுவந்த பிறகுதான் உட்கார முடிந்தது. பிறகு அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டார். மிருதங்கத்தின் இடது தலையின் கும்கி நாதம் தனியாக உருண்டு வந்தது, வலது தலையின் அடிகள் ஒவ்வொன்றும் விட்டு விட்டு விழுந்தன. 'அதே ஐந்து வாட்தானே?' என்று கேட்டார். அதே ஐந்து வாட்தான். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு. ஸ்பீக்கரை மாற்றியதில் அவருடைய ஐந்து வாட்டுக்கு ஐம்பது வாட்டின் பலம் வந்துவிட்டது. ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஸ்பீக்கரின் எண்ணைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. 2.83 வோல்ட்டில் அளந்ததாக எழுதியிருந்து, ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் ஆகவும் இருந்தால், எண்ணிலிருந்து 3 கழித்துக்கொள்ளுங்கள். அந்த வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் போகிறது, 4 ஓம் ஸ்பீக்கருக்கோ இரண்டு வாட் போய்விடுகிறது.

பெட்டி சின்னதாகவும் இருக்க வேண்டும், அடித்தள ஒலி ஆழமாகவும் வர வேண்டும், உணர்திறனும் கூடுதலாக இருக்க வேண்டும் என்றால் நடக்காது. மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும், அது இயற்பியல். சின்ன அறைக்காரர்கள் ஆழமான அடித்தள ஒலியை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் தீர்மானமான கருத்து. அறையே அதில் பாதியைத் திருப்பித் தந்துவிடும். மூன்று மீட்டர் அறையில் 57 ஹெர்ட்ஸ் அருகே ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தானாகவே பெருகும். பெரிய ஸ்பீக்கரை அங்கே கொண்டுபோய் வைத்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே 'கும்' என்ற முழக்கம்தான் மிஞ்சும்.

இப்போது ஆம்ப்ளிஃபையர். விலை குறைந்தவற்றில் கண்ணைக் கவரும் ஒரு வகை உண்டு. முன்னால் இரண்டு சின்ன வால்வுகள் நிற்கும், அடியில் ஆரஞ்சு நிற விளக்கு எரியும். ஸ்பீக்கரை ஓட்டுவதோ உள்ளே இருக்கும் ஒரு சில்லு. அது கெட்ட பொருள் என்று சொல்லமாட்டேன், ஆனால் வால்வு ஸ்பீக்கரை ஓட்டும்போது கிடைக்கும் ஒலி அதில் கிடைக்காது. வித்தியாசம் கண்டுபிடிக்கக் கையால் தூக்கிப் பாருங்கள். வால்வுக்குள் இருக்கும் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம், ஸ்பீக்கரோ 4 அல்லது 8 ஓம். இரண்டையும் இணைத்துவைக்க ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் வேண்டும். மின்சாரத்துக்கு இன்னொன்று. ஆக, மூன்று இரும்புக் கட்டிகள். பெரும்பாலும் அவை பின்வரிசையில் இருக்கும். இரு கைகளாலும் பிடித்துத் தூக்கினால் பின்பக்கம் கீழே இழுக்க வேண்டும். ஒரே கையில் பூப்போல எழும்பி வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். நல்ல இரும்பும் செம்பும் குறைந்த டிரான்ஸ்ஃபார்மரில் அடித்தள ஒலிதான் முதலில் செத்துப்போகும். எத்தனை வகை வால்வு போட்டாலும் அது திரும்பி வராது. ஆகவே வால்வின் பெயருக்குக் கொடுக்கும் பணத்தை இரும்புக்குக் கொடுங்கள்.

300பி என்ற வால்வுக்கு இருக்கும் புகழ் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அது தருவது எட்டு வாட் அளவுதான், விலை மட்டும் எட்டாத உயரம். நடுத்தர விலையில் இஎல்84 எனக்குப் பிடித்த வால்வு. தனியாக நின்றால் ஐந்து வாட், ஜோடியாக வேலை செய்தால் பத்து முதல் பதினைந்து வாட் தரும். வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை, அதாவது பயாஸை, சுயமாகவே அமைத்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபையராகப் பார்த்து வாங்கினால், வால்வை மாற்றும்போது மீட்டர் வைத்து அளக்கவேண்டிய வேலை இல்லை. வெளியீட்டு வால்வுகள் சில ஆயிரம் மணி நேரம் உழைக்கும், சின்ன வால்வுகள் அதைவிட அதிகம்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். அறையில் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதையே ஒரு தனி உரையாகப் பேசலாம். இப்போதைக்கு இரண்டு வாக்கியம்: மூலையில் வைக்காதீர்கள், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, உச்சஸ்தாயி ஒலிப்பான் காது உயரத்தில் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் இருக்கும் 4 ஓம், 8 ஓம் இணைப்புகள் இரண்டிலும் போட்டுப் பார்த்து, எது நன்றாக ஒலிக்கிறதோ அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இதை அவசரத்திலும் விடமுடியாது. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஒருபோதும் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். உள்ளே முந்நூறு வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். அதனால் அடிமூடியைக் கழற்றுவதை அதில் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள். வால்வின் கண்ணாடி கை சுடும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூண்டை மாட்டியே வையுங்கள். நன்றி, வணக்கம்.