லண்டன் – பாரிஸ்: கடலுக்கு அடியில 20 நிமிஷம்

[காட்சி: செயின்ட் பேங்க்ரஸ் நிலையம். கண்ணாடிக் கூரையிலிருந்து கேமரா கீழ்த்தளத்துக்கு இறங்குகிறது.]

கடலுக்கு அடியில ரயில்னதும் ஜன்னல்ல மீன் தெரியுமான்னு கேக்கறாங்க. இருட்டுதான் தெரியும், அதுவும் சுமார் 20 நிமிஷம். இரண்டே கால் மணி நேரப் பயணத்துல ஆளுங்க மாட்டிக்கிற இடம் சுரங்கம் இல்ல, ஸ்டேஷன்.

இந்த ரயில் பேரு யூரோஸ்டார். லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் ஸ்டேஷன்ல அது மேல் தளத்துல நிக்கும், செக்-இன் கீழ. சாதாரண டிக்கெட்டுக்கு, வண்டி கிளம்ப 30 நிமிஷம் இருக்கும்போதே கேட்டை மூடிடுவாங்க. ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. டிக்கெட்டைக் காட்டி, பையை ஸ்கேன் பண்ணி உள்ள போனா, பிரெஞ்சு போலீஸ் கவுண்ட்டர். ஆமா, லண்டன்லயே! பிரான்ஸுக்குள்ள நுழையற சோதனை இங்கயே முடிஞ்சிடும். பாரிஸ்ல இறங்கினா நேரா தெருவுக்கு நடக்கலாம். திரும்பும்போது பாரிஸ் கார் து நோர் நிலையத்துல பிரிட்டிஷ் அதிகாரிங்க உக்காந்திருப்பாங்க.

இந்திய பாஸ்போர்ட்னா பிரிட்டிஷ் விசா போதாது; பிரான்ஸ் உள்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியா வேணும். விசா நாளைக்குத்தான் ஆரம்பிக்குதுன்னா, இன்னிக்கு ரயில் ஏற முடியாது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியில இருந்து வர்றவங்ககிட்ட விரல் ரேகையும் முகப்படமும் எடுக்கற முறை 2025 அக்டோபர் 12ல இருந்து படிப்படியா வந்துச்சு. அந்த வரிசைக்கும் நேரம் வெச்சுக்கங்க.

டிக்கெட்ல இருக்கறது அந்தந்த ஊர் நேரம். லண்டன்ல 10 மணின்னா பாரிஸ்ல 11.

[காட்சி: சுரங்கத்தின் குறுக்குவெட்டு வரைபடம்]

சுரங்கம் இங்கிலாந்துல ஃபோக்ஸ்டன்ல இருந்து பிரான்ஸ்ல கலே பக்கம் வரைக்கும் 50.45 கிலோமீட்டர், அதுல சுமார் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில. 1994ல திறந்தது. மொத்தம் மூணு குழாய். ஓரத்துல இருக்கற ரெண்டும் 7.6 மீட்டர் விட்டம், ஆளுக்கொரு திசை. நடுவுல 4.8 மீட்டர்ல சேவைச் சுரங்கம், அதுல தண்டவாளமே கிடையாது. 375 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி. ரயில்ல தீப்பிடிச்சா ஜனங்க ஓடறது அந்த நடுச் சுரங்கத்துக்குத்தான்.

வெளியில மணிக்கு 300 கிலோமீட்டர்ல வந்த வண்டி உள்ள 160க்கு இறங்கிடும். லாரி ஏத்தற ஷட்டிலும் இதே பாதையில ஓடுது, அது 140தான். இன்னொண்ணு காத்து: 400 மீட்டர் ரயில் குழாய்க்குள்ள நுழைஞ்சா, சைக்கிள் பம்ப் மாதிரி முன்னாடி இருக்கற காத்தை நெட்டும். 250 மீட்டருக்கு ஒரு குழல் வெச்சு, அந்தக் காத்தை இன்னொரு ரயில் சுரங்கத்துக்குத் தள்ளி விடறாங்க. ரயில் ஓடற சூட்டைக் குறைக்க, ரெண்டு கரையில இருந்தும் குளிர்ந்த தண்ணி குழாய்ல சுத்தி வருது. அப்படியும் உள்ள வெதுவெதுப்புதான்.

[காட்சி: பனியில் ஓடும் பழைய யூரோஸ்டார்]

2009 டிசம்பர் 18 ராத்திரி அந்த வெதுவெதுப்புதான் வினையாச்சு. பிரான்ஸ்ல மாவு மாதிரிப் பொடிப்பனி. அது வடிகட்டியைத் தாண்டி எஞ்சினுக்குள்ள புகுந்துடுச்சு. குளிர்ந்த வண்டி சுரங்கத்துக்குள்ள வந்ததும் பனி உருகி, ஈரம் மின்கருவிகள்ல படிஞ்சு, ஒண்ணு பின்னால ஒண்ணா 5 ரயில் நின்னுடுச்சு. 2,000 பேருக்கு மேல மணிக்கணக்கா உள்ளயே. பல பெட்டியில ஏசியும் இல்ல, விளக்கும் இல்ல.

விமானம் மாதிரி திரவத்துக்கு 100 மில்லி கட்டுப்பாடு இங்க கிடையாது. அதனால இப்படி நின்னுட்டா உதவற மாதிரி, தண்ணி பாட்டிலையும் சாப்பாட்டையும் மேல் ரேக்ல போடாம, கைக்கு எட்டற பையில வெச்சுக்கங்க.