ரோட்டிலிருந்து பார்த்தால் எல்லாமே பச்சைதான்: ஆகஸ்ட் கடைசியில் ஐயோவா வயல்கள்

(காட்சி: மண் ரோடு, இரு பக்கமும் ஆளை மறைக்கும் மக்காச்சோளம்)

வணக்கம். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் மொத்தம் 99 கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி, ஆனால் ரொம்பச் சின்னது. ஆகஸ்ட் கடைசியில் எந்தக் கவுண்டிக்குப் போனாலும் மக்காச்சோளம், அதைத் தாண்டினால் சோயா, அப்புறம் மறுபடியும் மக்காச்சோளம். பார்க்க எல்லாமே செழிப்பாகத்தான் இருக்கும். அதை நம்பி யாரும் விளைச்சல் சொல்ல மாட்டார்கள், உள்ளே இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

(காட்சி: அளவு நாடா, உரித்த கதிர்)

30 அங்குல இடைவெளியில் விதைத்த வயலில், ஒரு வரிசையில் 17 அடி 5 அங்குலம் அளந்தால் அது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் 32 கதிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கதிரை உரித்துச் சுற்றிலும் எண்ணினால் 16 வரிசை (இது அநேகமாக இரட்டைப்படையில்தான் வரும், எண்ணிப் பாருங்கள்), வரிசைக்கு 35 மணி. மூன்றையும் பெருக்கி 90-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 199 புஷல் (அங்கே தானியம் அளக்கும் அளவு), கிட்டத்தட்ட 5 டன்.

சரி, அந்த 90 எங்கிருந்து வந்தது? ஒரு புஷலுக்கு 90,000 மணி என்று வைத்த கணக்கு, நாம் அளந்தது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால் அது 90 ஆனது. இங்கேதான் ஆகஸ்ட் விளையாடும். மணியின் எண்ணிக்கை முன்பே முடிவாகிவிட்டது, எடைதான் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. கதிரை நடுவில் ஒடித்து மணியின் பக்கவாட்டைப் பாருங்கள், வெளிப்பக்கம் கெட்டி மஞ்சள், உள்ளே வெளிறிய பால், இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. நகத்தால் அழுத்தினால் எங்கே பால் தெறிக்கிறதோ அதுதான் கோடு. அது நாளுக்கு நாள் உள்ளே இறங்கி, கடைசியில் மணியின் அடியில் ஒரு கறுப்புப் படலம் வந்தால் கதை முடிந்தது, அதற்குமேல் ஒரு கிராம்கூட ஏறாது. இடையில் ராத்திரியும் வெக்கை அடங்கவில்லை என்றால் பயிர் அவசரமாக முற்றிவிடும், மணி சின்னதாக நின்றுவிடும். வறட்சி என்றால் நுனியில் இரண்டு விரல் அளவுக்கு மணியே இருக்காது, வெறும் சக்கைதான்.

சோயாவுக்கு ஆகஸ்ட் மழைதான் எல்லாம், காய் திரள்கிற நேரம்.

காற்றும் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அடித்த டெரேச்சோ (நேர்கோட்டில் நெடுந்தூரம் வீசும் சூறைக்காற்று) புயல் லட்சக்கணக்கான ஏக்கரைப் படுக்க வைத்தது, தானியக் குதிர்களையும் தகர டப்பா மாதிரி நசுக்கிவிட்டுப் போனது. பயிரும் போய், மிஞ்சியதைக் கொட்ட இடமும் போனது.

(காட்சி: சந்தை மைதானம், காளையைப் பிடித்தபடி ஒரு சிறுமி)

இதற்குள் பெரும்பாலான கவுண்டி ஃபேர் (கவுண்டிதோறும் நடக்கும் விவசாயக் கண்காட்சி) ஜூலையிலேயே முடிந்திருக்கும். 4-ஹெச் என்ற சிறுவர் சங்கத்துப் பிள்ளைகள் தாங்களே வளர்த்த பன்றியையும் காளையையும் குளிப்பாட்டி, சீவி, வட்டத்துக்குள் நடத்திக் காட்டுவார்கள், பிறகு ஏலம். உள்ளூர்க் கடைக்காரர்கள் வேண்டுமென்றே சந்தை விலைக்கு மேல் கேட்பதும் உண்டு. மாடு போனதும் சில பிள்ளைகள் அழும், அதை யாரும் கிண்டல் செய்வதில்லை.

இப்போது ஆகஸ்டில் பெரியவர்களுக்கு வேலை வேறு. தானியக் குதிர்களைக் காலி செய்து பெருக்குவது, கம்பைனுக்கு (அறுவடை இயந்திரம்) கிரீஸ் அடிப்பது. ஊர் எலிவேட்டரில் (லிஃப்ட் இல்லை, தானியம் வாங்கிச் சேமிக்கும் இடம்) ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காசில் பிடித்துக்கொள்வார்கள். கறுப்புப் படலம் வரும்போது மணியில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். செடியிலேயே காயவிட்டால் காற்றில் சாயும் பயம், சீக்கிரம் அறுத்தால் உலர்த்த கேஸ் செலவு, அதனால் செப்டம்பர் முழுக்க அவரவர் வயலில் கதிரை ஒடித்துப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.