டைரிக்குப் பின்னால் ஒரு பென்சில்

எல்லோரும் இந்தப் பலகையைப் பாருங்கள். டைரிக்குப் பின்னால் ஒரு நீளமான மஞ்சள் பென்சில் இருக்கிறது. இந்தப் பக்கம் கூர்முனை, அந்தப் பக்கம் ரப்பர். சரி, டைரியை எடுக்கிறேன். இரண்டு துண்டுப் பென்சில்! நடுவில் நாலு விரற்கடை இடைவெளி. திரும்ப டைரியை வைக்கிறேன். துண்டுதான் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். இருந்தும் ஒரே பென்சிலாகத்தானே தெரிகிறது?

மறைந்த பகுதியை நாம் யோசித்து ஊகிப்பதில்லை. பார்வையே அந்த வேலையை முடித்துவிடுகிறது. அறிவு சொன்னாலும் கேட்பதில்லை. பெல்ஜியத்தில் ஆல்பர்ட் மிஷோட், இத்தாலியில் கயெட்டானோ கனீசா போன்ற உளவியலாளர்கள் ஆராய்ந்தது இதைத்தான்.

1981-இல் ஆல்பர்ட் பிரெக்மன் என்ற உளவியலாளர் ஒரு படம் காட்டினார். ஆங்கில 'B' எழுத்துகளை அங்கங்கே வெட்டி எடுத்த துண்டுகள். பார்த்தால் ஏதோ வளைவுகள், ஒன்றும் பிடிபடாது. வெட்டிய இடங்களில் மை கொட்டியதுபோல் ஒரு திட்டைச் சேர்த்தார். அவ்வளவுதான், எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன! விளிம்பு யாருக்குச் சொந்தம் என்பதே இங்கே வழக்கு. மை இல்லாதபோது வெட்டிய விளிம்பு எழுத்தினுடையது; எழுத்து அங்கேயே முடிந்துபோகிறது. மை வந்ததும் அந்த விளிம்பு மைக்குப் போய்விடுகிறது; எழுத்து அதன் அடியில் ஓடுகிறது.

இது பிறவியிலேயே வருகிறதா? 1983-இல் கெல்மன், ஸ்பெல்கி என்ற இரு உளவியலாளர்கள் நான்கு மாதக் குழந்தைகளுக்கு, நடுப்பகுதி ஒரு கட்டைக்குப் பின்னால் மறைந்த கம்பியை அசைத்துக் காட்டினார்கள். குழந்தைகளுக்கு அலுக்கும்வரை அதே காட்சி. அப்புறம் கட்டையை எடுத்துவிட்டு முழுக் கம்பியையும் உடைந்த கம்பியையும் காட்டினால், உடைந்ததைத்தான் அதிக நேரம் பார்த்தன. அதுதான் அவற்றுக்குப் புதுசு. கம்பியை அசைக்காமல் காட்டியபோது இந்த வித்தியாசம் வரவில்லை. பிறந்து சில நாளேயான சிசுக்களிடமோ தலைகீழ்: முழுக் கம்பிதான் புதுசு. கண்ணில் பட்ட இரண்டு துண்டை இரண்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோழிக்குஞ்சு நம்மை முந்திவிட்டது. சிவப்பு அட்டை முக்கோணத்தைத் தாயாக நினைத்து வளர்ந்த குஞ்சுகள், மூன்றாம் நாளே, துண்டு துண்டான முக்கோணத்தை விட்டுவிட்டுப் பாதி மறைந்த முக்கோணத்திடம் ஓடின. என் கணக்கு இது: குஞ்சு பொரித்ததும் தாயின் பின்னால் புதர் புதராக ஓடியாக வேண்டும். நம் பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு திரிய ஆள் இருக்கிறதே!