விண்ணப்பத்தில் கரகத்தை எங்கே வைப்பது?

கடலூர் மாவட்டக் கரகாட்டப் பிள்ளைகளே, உங்களை அனுப்பிவைத்த வாத்தியார்களே, வணக்கம்.

பள்ளியில் கலைப் பயிற்றுநர் வேலை என்றதும் நம் பிள்ளைகள் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே "ஈராயிரம் ஆண்டுப் பழமையான கரகாட்டம்" என்று எழுதிவிடுகிறார்கள். நேர்காணலில் சான்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் குடக்கூத்தும் உண்டு. வாணன் என்ற அசுரனின் ஊர்த் தெருவில் மாயோன், அதாவது திருமால், குடமாடினான் என்கிறது அந்த அடி. தலையில் வைத்து ஆடினான் என்று அங்கே இல்லை. ஆகவே "கரகத்தின் முன்னோடியாகக் கருதப்படும் குடக்கூத்து" என்று எழுதுங்கள், போதும். மாரியம்மன் கோயிலுக்கு வேப்பிலை சுற்றி எடுத்து வரும் சக்திக் கரகம் வேண்டுதல். நையாண்டி மேளத்துக்கு ஆடுவது ஆட்டக்கரகம். இரண்டையும் குழப்பினால் கேட்பவர் சிரிப்பார்.

வரலாறு இரண்டு வரி. மிச்ச இடமெல்லாம் உங்கள் ஆட்டத் திறமைக்கு. கரகச் செம்பு சுமார் 3 கிலோ, உள்ளே போடும் அரிசியோ மணலோ இன்னும் 3, 4 கிலோ. அடிப்பாகம் உள்வாங்கித் தட்டியிருப்பதால்தான் அது தலையில் படிகிறது. இவ்வளவு எடையோடு எத்தனை நிமிடம், ஏணி ஏறியா, தாம்பாளத்தின் மேலா என்று எழுதுங்கள். "நன்றாக ஆடுவேன்" என்பதை யாரும் படிப்பதில்லை.

குருவின் பெயரோடு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதும் வேண்டும். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு, மாதம் 5,000 ரூபாய், 2 ஆண்டுகள். குருவிடம் குறைந்தது 5 ஆண்டுப் பயிற்சி கேட்கிறார்கள். ஆண்டு எழுதாதவர் அங்கேயே நின்றுவிடுவார். திருவிழா அழைப்பிதழில் உங்கள் பெயர் அச்சாகியிருந்தால் அதுவும் சான்றுதான்; தேதி தெரியும்படி நகல் எடுங்கள். மேடைப் பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் இன்னொரு இனிஷியல் என்று இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்யுங்கள். கடைசி வாரத்தில் நடக்காது.

வீடியோ கேட்டால் திருவிழாக் கூட்டத்தில் எடுத்ததை அனுப்பாதீர்கள். பாதியில் யாராவது குறுக்கே வருவார்கள், காலும் தெரியாது. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் சமதரையில், வெயிலை ஆடுபவர் முதுகுக்குப் பின் விடாமல், கரகத்தின் மேலுள்ள கிளியின் உச்சி முதல் கால் சலங்கை வரை அடங்கும்படி, வெட்டாமல் ஒட்டாமல் 3 நிமிடம் எடுங்கள். தவில்காரருக்குப் பக்கத்தில் போனை வைத்தால் நாயனம் காதில் விழாது; நாலடி தள்ளி வையுங்கள்.